போயா தெரிந்த லெப்டொப்

டீச்சர்,

இன்று காலை அலுமாரியின் மேல்தட்டில் கம்பளி தேடப்போய் உங்கள் லெப்டொப்பை இறக்கிவிட்டேன். துணிப்பையின் வாயைத் திறந்ததும் தேயிலை வாசம். தோட்டத்துக்காரிக்குத் தேயிலை வாசம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். இது கோப்பையில் வருகிற வாசம் இல்லை. பழைய பிளாஸ்டிக்கும் தூசியும் தேயிலைத் தூளும் ஒன்றாகச் சூடேறி ஆறிய வாசம். உலகத்தில் இந்த ஒரு மெஷினுக்குத்தான் அது உண்டு. அதற்குக் காரணம் நானே என்பதால் மூக்கைச் சுளிக்கவும் வழியில்லை.

மூடியைத் தடவிப் பார்த்தேன். வீட்டுக்கார சோமா நோனா கட்டிய பிரித் நூல் கறுத்துப்போய் இன்னும் கீலில் இருக்கிறது. எங்கள் அப்பா பூசிய திருநீறு ஒரு மூலையில் ஒட்டிக்கிடக்கிறது. புத்தரும் முருகனும் தேயிலையும் சேர்ந்து காவல் காத்த லெப்டொப் இந்த நாட்டிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தது. பிறகு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். பழையதைச் சொல்லிக்கொண்டே வந்தால்தான் எனக்கு அதைச் சொல்ல வாய் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நியமனம் கிடைத்து வட்டகொடைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நீங்கள் அங்கே ஏற்கனவே பழம் தின்று கொட்டை போட்டவர். யாழ்ப்பாணத்திலிருந்து டீச்சர்மார் வருவார்கள், இரண்டு வருடம் குளிரில் நடுங்குவார்கள், மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் போகவில்லை. உயர்தரத்துக்கு விஞ்ஞான வகுப்பு தொடங்கப்போவதாகச் சொல்லி அங்கேயே இருந்தீர்கள். உங்கள் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். யார் யாரையோ பிடித்து உங்களுக்கு யாழ்ப்பாணத்துக்கு ஒரு மாற்றக் கடிதம் எடுத்து அனுப்பினார். நீங்கள் அதை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். அவர் கடைசியாக உங்களுக்குப் போட்ட கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "நீ திரும்பி வந்து இந்தப் படலையைத் திறக்கும்வரை உன்னோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டேன்." சொன்ன சொல் தவறாத மனுசர் என்று நீங்கள் என்னிடம் சொன்னபோது உங்கள் குரலில் பெருமையும் இருந்தது, அழுகையும் இருந்தது. அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

நீங்கள் இருந்தது ஸ்டேசனுக்கு மேலே, சோமா நோனாவின் மேல்வீட்டில். அவர் கணவர் ரயில்வேயில் வேலை செய்து இறந்துபோனவர். நோனா கீழே தனியாக இருந்தார். மேல்வீட்டுக்கு டெலிபோன் லைன் இருந்தது. லண்டனில் இருந்த உங்கள் தங்கை தன் அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு லெப்டொப்பை ஆள் கையில் கொடுத்து அனுப்பினாள், ஈமெயில் எழுதலாம் என்று. சுவரில் லைனுக்கு ஒரே ஒரு ஓட்டைதான். நீங்கள் டெலிபோனைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, லெப்டொப்பின் வயரை அங்கே குத்திவிட்டீர்கள்.

"ஈமெயில் பாத்து முடிஞ்சதும் போனத் திரும்ப மாட்டிருங்க டீச்சர். யாராச்சும் எடுத்தா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஆர் எடுக்கப்போகினம், தவமணி?" என்றீர்கள். தங்கை ஈமெயில்தான் எழுதுவாள். வேறு யாருமில்லை.

பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் டீச்சர் நான்தான். அட்டனில் ஆறு மாத வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆகவே உங்கள் மெஷின் முதல் தடவை தானாக எழும்பியபோது நீங்கள் என்னைத்தான் தேடி வந்தீர்கள்.

"இஞ்ச வாரும். காலமை மூடி வச்சிட்டுத்தான் போனனான். வந்து பாத்தா அடுப்பு மாதிரிச் சுடுது. காத்தாடி சுத்துது."

"மூடி சரியா மூடியிருக்காது டீச்சர்," என்றேன், பார்க்காமலேயே. எனக்கு எப்போதும் பதில் முதலில் வந்துவிடும்.

அடுத்த நாளும் எழும்பியது. அதற்கடுத்த நாள் சோமா நோனா வாசலில் நின்றிருந்தார். நீங்கள் மாலையில் சமைத்துக்கொண்டே அந்த மெஷினில் நாதஸ்வர சீடி போட்டுக் கேட்பீர்கள், பாதியில் மூடி வைப்பீர்கள். மூடினால் அது அணையாது, தூங்கும். முழுதாக அணைத்தால் திரும்ப எழும்பும்போது கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும், தேதியையும் மறந்துவிடும். அதனால் முழுதாக அணைக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். இப்போது அது தானாக விழித்தால், விட்ட இடத்திலிருந்து நாதஸ்வரமும் தொடங்கிவிடும்.

"மிஸ், நீ இல்ல. வீடு பூட்டி இருக்கு. உள்ள கல்யாணம் நடக்குது!" என்றார் நோனா. எனக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

என் வைத்தியம் தொடங்கியது. முதலில் கரண்ட் மீது பழி போட்டேன். பொல்பிட்டியவில் கரண்ட் செய்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள், போய் வந்த மிச்சம்தான் நமக்கு, அது போய்ப் போய் வரும்போது மெஷின் திடுக்கிட்டு விழிக்கிறது என்று உங்களுக்கு விளக்கம் சொன்னேன். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தீர்கள். அன்றும் விழித்தது. பேட்டரியில்தான் விழிக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் கரண்ட் வயரே இல்லாமல் பாடுகிற பெட்டியைப் பார்த்த நோனாவுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பேட்டரியைக் கழற்றலாம் என்றால் அதன் தாழ்ப்பாள் லண்டனிலேயே உடைந்து, யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பிறகு அமத்துகிற பொத்தானுக்குக் கீழே தூசி என்றேன். ஊதினேன், பஞ்சால் துடைத்தேன். அடுத்த வாரம் முதல் மெஷின் பெட்டிப்பாம்பாக இருந்தது. சித்திரை விடுமுறை முழுக்க அசையவில்லை. பள்ளிக்கூடம் மறுபடி தொடங்கிய அன்று நான் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் என் கெட்டித்தனத்தைச் சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது பாடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை நோனா உங்களிடம் சொன்னதை நான் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"பொசொன் போயா வரைக்கும் பாரு மிஸ். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி வேற வீடு பாரு. கோவம் இல்ல மிஸ். எனக்கு பயம்."

கோபம் இல்லை என்பது உண்மைதான். சொல்லும்போது அவரும் அழுதார். பன்சலையில் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூலை மெஷினின் கீலில் கட்டியதும் அன்றுதான். பூட்டிய வீட்டுக்குள் தானாக இயங்குகிற மெஷின், மேல்வீட்டில் யாழ்ப்பாணத்து ஆள் என்று யாராவது பொலிஸில் சொல்லிவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதும் அவர் பயத்தில் பாதி. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. ஆனாலும் பயம் ஓயவில்லை. வட்டகொடையில் உங்களுக்கு வேறு யாரும் வீடு தரமாட்டார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். வீடு இல்லாவிட்டால் நீங்கள் மாற்றம் கேட்டு எழுத வேண்டியதுதான். விஞ்ஞான வகுப்பில் பதினொரு பிள்ளைகள் பாதிப் பாடத்தில் நிற்பார்கள். ஆசிரியர் அறையில் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவும், "விசர்க் கதை கதையாதையும்" என்று அதட்டவும் எனக்கு ஆள் இருக்காது. பிள்ளைகளைப் பற்றித்தான் கவலைப்படுவதாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

தோட்டத்து லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முப்பது வருடம் தேயிலை ஃபெக்டரியில் வேலை. கம்பியூட்டரை அவர் தொட்டதில்லை, ஆனால் கருத்துச் சொல்லத் தயங்கியதும் இல்லை.

"ஈரம் புள்ள, ஈரம். இந்த மூட்டத்துல எந்த மிசினுதான் ஒழுங்கா இருக்கும்? தேயிலைக்குள்ள வையி. தேயிலை ஈரத்த இழுத்துக்கிரும். அதுக்குத்தானே நாங்க ஈயத்தாளு போட்டுக் கட்டுறோம்?"

அட, சரிதானே என்று எனக்குத் தோன்றியது. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் ஒரு பக்கம், முப்பது வருடத் தேயிலை ஒரு பக்கம். தேயிலைதான் வென்றது. உங்களிடம் மெஷினை வாங்கி வந்து, வீட்டில் துணி போட்டு வைக்கும் பழைய தேயிலைப் பெட்டியைக் காலி செய்து, தோட்டத்தில் மாதாமாதம் தருகிற தூளை அதில் கொட்டி, லெப்டொப்பை நடுவில் வைத்து மேலேயும் தூள் போட்டு மூடினோம். அப்பா திருநீறு பூசிக் கும்பிட்டார். இப்படி ஒரு வைத்தியத்தை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்கமாட்டார்கள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அது பச்சைப் பிள்ளை மாதிரித் தூங்கியது. வியாழன் காலையில் தட்டித் துடைத்துப் பள்ளிக்கூடத்தில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். எழுத்துப் பொத்தான்களின் இடுக்கெல்லாம் தூள். ஒவ்வொரு பொத்தானையும் அமத்தும்போது நறநற என்றது. நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் துணிப்பையில் போட்டுக்கொண்டீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு கையிலும் கொப்பிக்கட்டோடு பாதையில் என்னை மறித்தீர்கள்.

"எழும்பீற்றுது," என்றீர்கள். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பறவாயில்லை தவமணி. நீர் செய்யக்கூடியதைச் செய்து பாத்திட்டீர். நான் மாற்றத்துக்கு எழுதிப் போடுறன்."

ஆனிப் பௌர்ணமியில் வருகிற பொசொனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் உங்களோடு மேலே ஏறினேன். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். எங்கள் லயத்திலும் கரண்ட் போய் வருகிறது. எங்கள் லயத்திலும் ஈரம், உங்கள் வீட்டைவிட அதிகம். அங்கே எழும்பாதது இங்கே எழும்புகிறதென்றால் நோய் மெஷினில் இல்லை, இந்த வீட்டில் இருக்கிறது. நோனா கேட்டிருந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்றிருப்பார்.

அப்போதுதான் அட்டன் வகுப்பில் சொல்லித்தந்து நான் மறந்துபோன ஒன்று ஞாபகம் வந்தது. மெஷின் எப்போது தூங்கியது, எப்போது விழித்தது என்று தனக்குள்ளே தானே எழுதி வைத்திருக்கும். தேடிப் பிடித்தேன். நீங்கள் ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் நான் வாசிக்க வாசிக்க எழுதினீர்கள். பத்து முப்பது. பத்து முப்பத்தொன்று. பத்து முப்பது. பத்து முப்பத்திரண்டு. ஒரு நாள் தவறினாலும் நேரம் தவறவில்லை.

"எந்தெந்த நாள் தவறியிருக்கு?" என்று கேட்டேன்.

நீங்கள் நாட்காட்டியை எடுத்து வந்து பேனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். சனி இல்லை. ஞாயிறு இல்லை. மாசி மாதத்துப் போயா, பௌர்ணமி விடுமுறை, அது ஒரு நடுவாரத்து நாள், அன்றும் இல்லை. பங்குனிப் போயாவும் இல்லை. சித்திரை விடுமுறை முழுக்க இல்லை. வைகாசியில் வெசாக்கிற்கு இரண்டு நாள் இல்லை.

"என்னா டீச்சர் இது? மிசினுக்குப் போயா தெரியுமா?" என்றேன்.

சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் பேனையை வைத்துவிட்டிருந்தீர்கள். சுவரில் குத்தியிருந்த டெலிபோன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் பார்த்தேன். அந்த வயர் எங்கள் லயத்தில் இல்லை. மெஷினின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். லைனில் மணி வந்தால் விழித்துக்கொள் என்று லண்டன் அலுவலகத்தில் யாரோ எப்போதோ போட்டு வைத்த ஏற்பாடு அப்படியே கிடந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் மட்டும், காலை பத்தரைக்கு, யாரோ உங்களுக்கு டெலிபோன் எடுக்கிறார்கள். நீங்கள் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த நேரத்தில் எடுக்கிறார்கள். டெலிபோன் அலுமாரியில் இருப்பதால் அந்த மணியைக் கேட்க லெப்டொப்பைத் தவிர வேறு யாரும் இல்லை.

"பத்தரைக்குத்தான் இடைவேளை மணி," என்றீர்கள் மெதுவாக. "அப்பான்ர பள்ளிக்கூடத்திலையும் பத்தரைக்குத்தான். பியோன் இருந்தாலும் அந்த மணியைத் தானே அடிப்பார்."

சேலைத் தலைப்பால் லெப்டொப்பின் மூடியைத் துடைத்தீர்கள். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு நோனாவின் கெடுதான் முன்னால் நின்றது. மறுநாள் காலையில் ஸ்டேசனுக்கு எதிரே இருந்த கொமினிகேசன் கடைக்கு ஓடி, உங்கள் நம்பருக்கு ஒரு மணி அடித்து வைத்தேன். மேலே நீங்களும் நோனாவும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் மூச்சிரைக்கப் படியேறி வரும்போது நாதஸ்வரம் கேட்டது. நோனா கையைத் தட்டிக்கொண்டு, "அய்யோ, டெலிபோன்தானா! டெலிபோன்தானா!" என்று சிரித்தார். பிறகு கீழே போய் நம் மூவருக்கும் பால்சோறு கொண்டுவந்தார். உங்கள் வீடு தப்பியது.

நான் அடுத்த வேலையைச் சொன்னேன். "ஒன்னுமில்ல டீச்சர். காலையில பள்ளிக்கொடம் போறப்ப இந்த வயரப் புடுங்கி வச்சிட்டுப் போங்க. கதை முடிஞ்சது."

"வேண்டாம்," என்றீர்கள். இவ்வளவு உறுதியாக நீங்கள் எனக்கு ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை நீங்கள் லீவு போட்டீர்கள். அத்தனை வருடத்தில் அதுதான் உங்கள் முதல் லீவு என்று அதிபர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நானும் ஒரு பொய் சொல்லி அரை நாள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, வந்து இரும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். லெப்டொப்பின் வயரைக் கழற்றி, அலுமாரியிலிருந்த டெலிபோனை எடுத்துத் தூசி தட்டி மாட்டினீர்கள். பத்து மணியிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெளியே மூட்டத்தில் ஸ்டேசன்கூடத் தெரியவில்லை. பத்து இருபத்தொன்பதுக்கு நீங்கள் எழுந்து சேலையைச் சரிசெய்தீர்கள்.

மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டீர்கள். "ஹலோ" என்று சொல்லக்கூட உங்களுக்கு வரவில்லை. அந்தப் பக்கமும் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு, பக்கத்திலிருந்த எனக்கே கேட்கிற அளவுக்கு ஒரு பெரிய தலைமை ஆசிரியர்க் குரல்:

"ஏன் வீட்டில நிக்கிறாய்? பள்ளிக்கூடம் போகேல்லையோ?"

"லீவு போட்டனான், அப்பா."

"லீவோ? ஏன்? சுகமில்லையோ பிள்ளை?"

நான்கு வருடச் சத்தியம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. நீங்கள் சுகம் என்று சொல்லிக்கொண்டே அழுதீர்கள், அவர் சுகமென்றால் ஏன் லீவு என்று அதட்டிக்கொண்டே இருந்தார். நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிறகு அவரிடம் காரணம் கேட்டீர்களாம். "கதைக்கமாட்டன் எண்டுதான் எழுதினனான். மணி அடிக்கமாட்டன் எண்டு எழுதேல்லையே," என்றாராம். தங்கையிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில் வீட்டு நம்பருக்கு எடுத்துப் பார்ப்பாராம், மணி போனால் வீடு நிற்கிறது என்று ஒரு நிம்மதி. அதே மாதிரித்தான் இதுவும். "உங்க அப்பா பெரிய வக்கீல் டீச்சர்," என்றேன். நீங்கள் அன்று சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் படலையைத் திறந்தீர்கள். அதற்குப் பிறகும் நான்கைந்து தடவை போனீர்கள். மாலையில் அவர் எடுத்துப் பேசுவார். இருந்தாலும் பள்ளிக்கூட நாட்களில் பத்தரை மணியை அவர் விடவில்லை, நீங்களும் காலையில் லெப்டொப்பின் வயரையே குத்திவிட்டு வருவீர்கள். மத்தியானம் வந்து சூடாக இருக்கும் மூடியில் உள்ளங்கையை வைப்பீர்கள். நோனாவுக்கும் பழகிவிட்டது. படியில் உங்களைக் கண்டதும், "மிஸ், அப்பா வந்தது, போனது," என்பார்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதை மூடியது. லைனும் அறுந்தது. மெஷின் எழும்பாமல் கிடந்த அந்த நாட்களில் நீங்கள் சாப்பிடவில்லை. மறுபடியும் அது பாடிய அன்று நோனா பள்ளிக்கூட வாசலுக்கே ஓடிவந்து சொன்னது ஞாபகமிருக்கிறதா? உங்கள் அப்பா இறந்தபோது உங்களால் போக முடியவில்லை. ஆனால் அவரோடு கதைக்காமல் விட்டது ஒன்றும் பாக்கியில்லை என்று என்னிடம் சொன்னீர்கள். அந்த மெஷின் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும் என்றும் சொன்னீர்கள்.

இனித்தான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம்.

சண்டை முடிந்து சில வருடத்தில் நீங்கள் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். ஊரில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, போய் இருக்க வேண்டும் என்று. நியாயம்தான். ஆனால் அதை நான் அதிபர் வாயிலிருந்து கேட்டேன். எல்லோருக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்லத் துணிவு வரவில்லை என்று பிறகு நீங்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஸ்டேசனில் இந்த லெப்டொப்பை என் கையில் கொடுத்தபோது நான் சொன்னது இதுதான்: "போறதுன்னா போங்க. இனிமே ஒங்களோட பேச மாட்டேன்." ரயில் வளைவில் மறையும்வரை நீங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கையை அசைக்கவில்லை.

இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு நாள் இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் அறையிலிருந்து உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு மணி விட்டு வெட்டினேன். அரை நிமிடத்தில் உங்களிடமிருந்து ஒரு மணி வந்து வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் அப்படித்தான். சனி இல்லை, ஞாயிறு இல்லை, போயா இல்லை. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், மணி அடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. உங்கள் அப்பாவின் சட்டத்தையே உங்கள் மேல் போட்டுவிட்டேன். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. விடுமுறைக்கு நேரே வந்து படலையைத் திறந்து நின்று உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று திட்டமும் இருந்தது. இந்த விடுமுறை, அடுத்த விடுமுறை என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போனது.

அன்று போயா. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் போன் அடித்தது. ஈரக் கையோடு போய்ப் பார்த்தால் உங்கள் பெயர். மணி பத்தரைகூட ஆகவில்லை. என்ன, டீச்சருக்கு நாள் மறந்துவிட்டதா என்று சிரித்துக்கொண்டே, வெட்டுப்படும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டுப்படவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை டீச்சர். கை ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் விட்டுக்கொடுக்கும் நாளை நானே தீர்மானிக்க வேண்டும் என்ற ஆங்காரம். நாளைக்குப் பள்ளிக்கூடம், பத்தரைக்கு அடித்தால் போகிறது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி பிழியப் போனேன்.

பொழுது சாயும் நேரத்தில் உங்கள் தங்கை உங்கள் போனிலிருந்து எடுத்தாள். லண்டனிலிருந்து வந்து உங்களோடு நின்றிருந்தாளாம். காலையிலிருந்தே நெஞ்சு நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். வாகனம் வரும்வரை போனைக் கையில் வைத்திருந்தீர்களாம். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாம் முடிந்துவிட்டதாம். கடைசியாக எடுத்த நம்பர் இதுதான், ஆனால் இது யாருடையது என்று தெரியவில்லை, பெயர் இருந்த இடத்தில் "இடைவேளை" என்று மட்டும் இருக்கிறது, நான் யார் என்று கேட்டாள்.

எந்த நாளில் மணி வருகிறது, எந்த நாளில் வரவில்லை என்று பார்த்து உங்கள் அப்பாவைக் கண்டுபிடித்தவள் நான். வராத நாளில் வந்த மணி, ஒன்றோடு நிற்காமல் அடித்த மணி என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியாமல் போய்விட்டது. உங்கள் அப்பா நான்கு வருடச் சத்தியத்தை "சுகமில்லையோ" என்று ஒரு சொல்லில் உடைத்தார். நீங்கள் பேச எடுத்தீர்கள். நான் ஒருத்திதான் சட்டம் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை மன்னித்துவிடுங்கள் டீச்சர். மன்னித்திருப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இன்றும் போயாதான். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். கேஸ் சிலிண்டர் கேட்டு யாரோ கொட்டகலையிலிருந்து நம்பர் மாற்றி எடுத்துவிட்டார், ஒரு வயதான குரல். முன்பென்றால் "ரோங் நம்பர்" என்று சொல்லி வைத்திருப்பேன். இப்போது ஒரு வருடமாக எந்த நாளில் எந்த மணி வந்தாலும் கையைத் துடைக்காமலேயே எடுக்கிறேன், யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

"சொகமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லத் தொடங்கினார். முழுவதையும் கேட்டேன்.